இரண்டு நாள் உப்பில் கிடந்த நெறிக்கட்டி

ஏழுமலைக்கு, உன்னைப் பெற்றவள் எழுதுவது. நான் நலமா என்பது எனக்கே இன்னும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது, அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். நீ நலமாக இருக்கிறாய் என்பது உன் கடிதத்தில் இருந்த கோபத்தைப் பார்த்தாலே தெரிகிறது. உடம்பில் தெம்பில்லாதவன் அவ்வளவு அழுத்தி எழுத மாட்டான். மூன்று இடத்தில் பேனா முள் காகிதத்தைக் கிழித்திருக்கிறது. கல்பாக்கத்தில் பஸ் ஏறினால் சாப்பாட்டு நேரத்துக்குள் வந்து சேரக்கூடிய வீட்டுக்கு ஸ்டாம்பு ஒட்டித் தபால் போட்டிருக்கிறாயே, உன்னை என்ன சொல்ல. எனக்கு மூணாங்கிளாஸ் படிப்பு. உன்னைப் போல ஒரே மூச்சில் எழுத வராது. சனிக்கிழமை தொடங்கினேன், இன்றைக்குச் செவ்வாய். தொடை இடுக்கில் தையல் போட்ட இடம் உட்கார்ந்தால் இழுக்கிறது, படுத்தால் பேனா எழுதவில்லை. ஒருக்களித்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து சாய்ந்திருந்தால் நானும் சாய்ந்திருக்கிறேன் என்று வைத்துக்கொள்.

ராஜஸ்தானில் இன்னொரு அணு நிலையம் கட்டுகிறார்கள், பிட்டர் வேலைக்கு ஆள் கேட்கிறார்கள், பெயர் கொடுத்துவிட்டேன், அடுத்த மாதம் கிளம்புகிறேன் என்று எழுதியிருக்கிறாய். நல்லது, போ. போக வேண்டாம் என்று நான் காலைப் பிடித்துக்கொண்டு அழ மாட்டேன், எனக்கு இருக்கிற ஒரு நல்ல காலை வைத்துக்கொண்டு நானே தடுமாறுகிறேன். மண் மட்டும் இருக்கிற ஊராம், கடலே கிடையாதாம், விசாரித்தேன். வாரத்தில் ஆறு நாள் மீன் இல்லாமல் சோறு இறங்காத உனக்கு அங்கே கிழங்கைப் போட்டு வளர்க்கட்டும். எனக்கு எரிச்சல் வந்தது அதில் இல்லை. “அந்த ஆள் இருக்கிற வீட்டுக்கு வர மாட்டேன், நீ என்னோடு கிளம்பி வந்துவிடு” என்று எழுதினாயே, அதில். யாருடா அந்த ஆள்? உன்னைப் பெற்ற நைனாடா, உன்னை ஐ.டி.ஐ.யில் சேர்க்க ஆறு பஸ் மாறி உன்னோடு வந்து, வாசலில் வெயிலில் நின்ற மனுசன். கிளம்பி வந்துவிடு என்கிறாயே, நான் என்ன உன் இரும்புப் பெட்டியா, பூட்டி பஸ் மேலே போட்டுக்கொண்டு போக?

சரி. முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததும் இதில் இருக்கும். தெரியாதது ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே. நான் நாலு நாள் படுத்துக்கொண்டு எழுதியதை நீ அரை மணி நேரம் உட்கார்ந்து படி.

என் உள்ளங்காலில், குதிகாலுக்கு முன்னால், மிளகு போல ஒரு கறுப்பு இருந்ததை முதலில் பார்த்தவன் நீதான். கருவாடு காயவைக்கிற மணலில் எனக்கு முள் தைத்தது. ஊக்கை வைத்து எடுத்துக்கொண்டே, “யம்மா, உனக்கு உள்ளங்கால்ல மச்சம் கீது” என்றாய். உள்ளங்காலில் மச்சம் இருந்தால் யோகம் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள் அல்லவா. நான் அதை எத்தனை பேரிடம் பீற்றிக்கொண்டேன் தெரியுமா. திருக்கழுக்குன்றம் சந்தையில், செங்கல்பட்டு மார்க்கெட்டில், காலைத் தூக்கித் தூக்கிக் காட்டினேன். மீன் வாங்க வந்த வாத்தியார் பெண்டாட்டிகூட என் காலைப் பார்த்துவிட்டுத்தான் வஞ்சிரத்துக்கு விலை கேட்டாள். அப்புறம் அது அவரை விதை ஆயிற்று, அதற்கப்புறம் ஒரு பக்கம் கரை கிழிந்த மாதிரி பரவியது. நான் பயந்தேனா? இல்லை. யோகம் பெரிசாகிறது என்று சிரித்தேன். வலிக்க ஆரம்பித்ததும் யோகத்தை விட்டுவிட்டு, கால் ஆணி என்று முடிவு கட்டினேன். கம்பவுண்டரும் ஆணி என்றான். பிளேடால் சீவினேன். சேராங்கொட்டையைச் சுட்டு வைத்தேன், சுற்றிலும் இன்னும் கறுத்துப் போயிற்று, எது நோய் எது சேராங்கொட்டை என்று தெரியாமல். இதில் ஒரு வருசம் போனது. இது யார் தப்பு? உன் நைனா தப்பா? அவர் கடலில் இருந்தார். என் காலை நான்தான் சீவினேன்.

நீதான் இழுத்துக்கொண்டு போனாய், செங்கல்பட்டில் அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்கு. அதை நான் மறக்கவில்லை. காலில் இருந்ததை அகலமாக வெட்டி எடுத்து, தொடையில் தோலைச் சீவி அங்கே ஒட்டினார்கள். வெட்டியதைப் பாட்டிலில் போட்டுப் பரிசோதனைக்கு மெட்ராசுக்கு எடுத்துப்போனவன் நீ. அந்த ஆஸ்பத்திரியில் அதைப் பார்க்கிற வசதி இல்லை, நோயாளியின் ஆட்களிடமே கொடுத்தனுப்புவார்கள். அது மச்சத்தில் வருகிற புற்று என்று சீட்டு வந்தது. அன்றைக்கு நீ சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாய். நான்தான் உனக்குச் சோடா வாங்கிவரச் சொன்னேன். நோய் எனக்கு, சோடா உனக்கு.

அப்புறம் டாக்டர் வந்து என் தொடை இடுக்கில் தடவிப் பார்த்துவிட்டு, “இங்க நெறி கட்டியிருக்கும்மா, இத எடுத்துப் பாக்கணும்” என்றார். எனக்கு வந்த எரிச்சல் உனக்கு நினைவிருக்கும். காலில் ஒரு கொப்புளம் வந்தால்கூட நமக்கு நெறி கட்டும். சூடாக உப்பு ஒத்தடம் கொடுத்தால் போய்விடும். அதை எடுத்துப் பார்ப்பார்களாம்.

“சாரு, கால்ல கீற நோவுக்கு இடுக்குல இன்னா தேடற? வூட்ல தொலச்சிட்டு தெருவுல தேடற மாரி கீதே” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். “காலிலிருந்து மேலே போற சின்னச் சின்ன ஓட்டம் எல்லாம் மொதல்ல அங்கதாம்மா சேரும். நோய் காலை விட்டுக் கிளம்பியிருந்தா, மொதல்ல அங்கதான் மாட்டும். அங்க இருக்கா இல்லையான்னு தெரிஞ்சாத்தான் எந்தக் கட்டத்துல நிக்குதுன்னு சொல்ல முடியும்” என்றார்.

“அப்ப இது முகத்துவாரத்துல கட்டுன வல. உள்ள இருந்து இன்னா வெளிய வந்துச்சுன்னு வலைய தூக்கிப் பாத்தா தெரியும். அதான?”

“அதேதான்” என்றார். அதற்கப்புறம் அவர் ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் அதையே சொல்லி விளக்குகிறாராம். நர்சு சொன்னாள். எனக்கு ஒரு கிலோ ஆப்பிளாவது வாங்கித் தந்திருக்கலாம்.

நெறிக்கட்டியில் நோய் இருந்தால் இடுக்கில் இருக்கிற அத்தனையையும் வழித்து எடுக்க வேண்டும், கால் வீங்கும், மாசக்கணக்கில் படுக்க வேண்டும், கூடை தூக்கி பஸ் ஏறுகிற வேலைக்கு ஒரு கும்பிடு. இல்லையென்றால் அதைத் தொடாமல் விட்டு, மாசா மாசம் வந்து காட்டினால் போதும். பார்க்காமல் வெட்டவும் கூடாது, பார்க்காமல் விடவும் கூடாது. இவ்வளவையும் சொன்னார். நான் முடியாது என்றேன். வெட்டுக்குப் பயந்து இல்லை. அந்த இடத்தை ஒரு ஆம்பளை பார்ப்பதா என்று. உன் அத்தை வேறு, மெட்ராசிலிருந்து வந்தவள், “காலுன்னு சொல்லி இட்டாந்து எங்க கைய வெக்கிறான் பாரு” என்று ஓதினாள். நீ நியாயம் பேசினாய், கத்தினாய், எங்கள் கல்பாக்கத்தில் எல்லாரும் இப்படித்தான் வைத்தியம் பார்க்கிறார்கள் என்றாய். ஒன்றும் நடக்கவில்லை. உன் நைனா வலை பின்னுகிறவர்போல விரலைப் பார்த்துக்கொண்டே ஒன்று சொன்னார். “நீ பூட்டா நான் யார்கிட்ட திட்டு வாங்கறது?” அவ்வளவுதான். நான் ஒத்துக்கொண்டேன். இருபத்தேழு வருசத்தில் அந்த மனுசன் எனக்குச் சொன்ன ஆசை வார்த்தை அது ஒன்றுதான், அதிலும் திட்டைத்தான் கேட்டார்.

எடுத்தார்கள். முந்திரிக்கொட்டை அளவு, நர்சு காட்டினாள். அன்றைக்கு நீ வரவில்லை. லீவு கொடுக்க மாட்டேன் என்று உன் மேஸ்திரி சொல்லிவிட்டான். அது உன் தப்பு இல்லை. ஆனால் உனக்கு இப்போது இருக்கிற கோபத்தில் பாதி அந்த லீவு மேல்தான், அதைத் தூக்கி உன் நைனா தலையில் வைத்திருக்கிறாய். அம்மாவுக்கு இதுகூடத் தெரியாதா.

அதற்கப்புறம் நடந்ததாக உனக்குத் தெரிந்தது இது. பாட்டில் கைக்கு வந்தது வெள்ளிக்கிழமை. உன் நைனா அதிலிருந்த மருந்துத் தண்ணீரைக் கீழே கொட்டினார். நெறிக்கட்டியைக் கல்லுப்பில் புரட்டித் துணியில் கட்டினார். டிபன் காரியரில் வைத்து, ஐஸ் கடையில் ஐஸ் வாங்கிச் சுற்றிலும் போட்டார். மெட்ராசுக்குப் போய்ச் சேரும்போது பரிசோதனை செய்கிற இடத்தை மூடிவிட்டார்கள், சனி ஞாயிறு இரண்டு நாளும் திறக்கவில்லை. உன் அத்தை வீட்டில் வைத்திருந்து திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தார். அது கெட்டுப்போய்விட்டது, ஒன்றும் பார்க்க முடியவில்லை என்று எழுதி அனுப்பிவிட்டார்கள்.

இதில் உனக்குத் தெரியாத சில்லறை விசயங்களை இந்த ஆறு வாரத்தில் அவர் வாயிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கியிருக்கிறேன். அந்த இரண்டு நாளும் காலையும் மாலையும் உப்பு மாற்றியிருக்கிறார். ஐஸ் கரையக் கரைய நடந்துபோய் வாங்கிவந்திருக்கிறார். அத்தை வீட்டில் படுக்கும்போது டிபன் காரியரைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டிருக்கிறார், பூனைக்குப் பயந்து. திங்கட்கிழமை அங்கே இருந்த அய்யா மூடியைத் திறந்தவுடன், “சாப்பாட்ட ஏன்யா மேசைமேல வெக்கிற?” என்றாராம். துணியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “இன்னாது இது, கருவாடா?” என்றாராம். உன் நைனா, “இல்ல சாரு. என் பொஞ்சாதி” என்றாராம். இதைச் சொல்லும்போது அந்த மனுசன் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன், தையல் பிய்ந்துவிடும் போல. அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

சீட்டு வந்த அன்று நீ ஆஸ்பத்திரி வராந்தாவில் என்ன பேசினாய் என்று உனக்கு நினைவு இருக்கிறதா? எனக்கு வார்த்தை வார்த்தையாக இருக்கிறது. என் கட்டில் ஜன்னலை ஒட்டித்தானே இருந்தது.

“எயுதப் படிக்கத் தெரியாத ஆளுகிட்ட எவன் குடுத்தது அத? மீனுன்னு நெனச்சிகினியா எங்கம்மாவ? உப்புக்கண்டம் போட்டுகினு வந்து நிக்கிற. அந்தத் தண்ணி எதுக்குன்னு ஒரு வார்த்த கேட்டியா நீ? வாய் இல்ல உனக்கு? நீயே சாவடிச்சிட்ட நைனா, நீயே சாவடிச்சிட்ட.”

நர்சு பார்த்தாள், துடைப்பம் வைத்திருந்த அம்மா பார்த்தாள், வெளியே காத்திருந்த நோயாளிகள் எல்லாரும் பார்த்தார்கள். உன் நைனா துண்டை எடுத்துத் தோளில் போட்டார். மறுபடி எடுத்தார், மறுபடி போட்டார். நீ போய்விட்டாய்.

இப்போது கேள். அந்தத் தண்ணீரைக் கொட்டச் சொன்னது நான். உப்பு போடச் சொன்னது நான்.

நர்சு பாட்டிலைக் கொடுத்து, “கெடாம பத்திரமா எடுத்துனு போ பெரியவரே” என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். உன் நைனா பஸ் ஏறும்போது மூடி சரியில்லாமல் ஒழுகி, வண்டி முழுக்க நெடி. கண்டக்டர், “இன்னாய்யா அது, கண்ணு எரியுது, பூச்சி மருந்தா? எறங்கு எறங்கு” என்று இறக்கிவிட்டான். அவர் நேராக என்னிடம் வந்தார். எனக்கு முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துக் கிடந்தது, ஆனால் வாய் மரக்கவில்லை.

“ஒயுகுதுமே. வண்டில ஏத்த மாட்டேன்றான். இன்னா பண்றது?” என்றார்.

“அத்தக் கொட்டு மொதல்ல. தண்ணில ஊறினா கறி கெட்டுப்பூடும்னு தெரியாது உனக்கு? கஞ்சிக்குக் கொண்டாந்த கல்லுப்பு கூடைல கீது பாரு. அள்ளிப் போட்டுத் துணில கட்டி ஐஸ்ல வெச்சி எடுத்துனு போ. நாலு நாளு ஆனாலும் அப்பிடியே இருக்கும்.”

அவர் போகவில்லை. பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். “நர்சம்மாவ ஒரு வார்த்த கேட்டுக்கட்டா?” என்றார்.

ஏழுமலை, இதை இரண்டு தடவை படி. கேட்டுக்கட்டா என்று அவர் கேட்டார். நீ வராந்தாவில் எதைக் கேட்கவில்லை என்று கத்தினாயோ, அதைக் கேட்க அந்த மனுசன் திரும்பினார். நான்தான், “கேட்டா சிரிப்பாங்க. கறிய காக்கறதுக்கு மீன்காரிக்கே பாடம் எடுப்பாங்களா? போயா, பஸ்ஸு பூடும்” என்றேன். போனார். இருபத்தேழு வருசமாக நான் சொன்னதைச் செய்தே பழகிய மனுசன். அந்தப் பழக்கம் நல்லது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவளும் நான்தான். பன்னிரண்டு வயசிலிருந்து மீனைக் கெடாமல் காக்கிறேன், நாலு ஊரில் என் கருவாட்டுக்குப் பேர் இருக்கிறது. அந்த மிதப்பில் சொன்னேன். அந்தத் தண்ணீர்தான் உள்ளே இருப்பதை இருக்கிறபடி நிறுத்திவைக்கிறது, உப்பு அதை உறிஞ்சிச் சுருக்கிவிடும் என்று டாக்டர் அப்புறம் சொன்னார். திங்கிற கறியைக் காப்பது வேறு, பார்க்கிற கறியைக் காப்பது வேறாம். யாருக்குத் தெரியும்.

அப்படியானால் அன்றைக்கே ஜன்னல் வழியாக ஏன் கத்தவில்லை என்று கேட்பாய். கத்தியிருக்கலாம். வாயைத் திறந்தேன்கூட. எழுத வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். நீ எனக்காக அப்படிக் கொதித்தது எனக்கு ஒரு நிமிசம் இனித்தது. அடுத்த நிமிசம் பயம் வந்துவிட்டது. எயுதப் படிக்கத் தெரியாத ஆள் என்று அவரைச் சொன்ன வாய் என்னையும் சொல்லுமே என்று. உன் மார்க்கு அட்டையில் கையெழுத்துப் போட்டவள் நான். அம்மாவுக்கு எல்லாம் தெரியும் என்று நீ சின்னதிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறாய். அந்த நினைப்பு போய்விடக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். உன் நைனா உள்ளே வந்து என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, “அவன்கிட்ட சொல்லிடட்டா?” என்று கேட்டேன்.

“வுடு” என்றார். “ரெண்டு பேர்மேலயும் கோவம் வந்தா புள்ள எங்க போவான்? ஒர்த்தர்மேல வெச்சிக்கட்டும்.”

இந்த மனுசனைத்தான் நீ அந்த ஆள் என்று எழுதியிருக்கிறாய்.

இங்கே நான் படுகிற பாட்டைக் கேள். சீட்டு வந்த அன்றிலிருந்து உன் நைனா உப்பில்லாமல் சாப்பிடுகிறார். சோற்றில் உப்பில்லை, குழம்பில் உப்பில்லை, கஞ்சியிலும் இல்லை. யாரிடமும் சொல்லாமல் செய்கிறார், நான் கண்டுபிடித்தேன். நான் உப்பு போட்டுக் குழம்பு வைத்தால் வெறுஞ்சோற்றைத் தின்றுவிட்டு எழுந்துவிடுகிறார். அதனால் இப்போது இரண்டு சட்டி வைக்க வேண்டியிருக்கிறது. நோயாளி நான், பத்தியம் அவர். கடலில் இறங்குகிற மனுசன், வியர்வை கொட்டுகிற உடம்பு, மயங்கி விழுந்தால் யார் தூக்குவது? திட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். காதில் ஏறவில்லை. நீ அங்கே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய், இவர் இங்கே முறைக்கக்கூடத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார். உங்கள் இரண்டு பேர் சண்டையில் எனக்கு நோய் வந்ததே மறந்துபோகிறது. சில நேரம் ஞாபகப்படுத்திக்கொள்கிறேன், அடியே, புற்றுநோய் உனக்குத்தான் என்று.

அம்மா என்றால் புத்தி சொல்ல வேண்டும். என் பங்குக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நீ நாளைக்கு நாலு பேரை வைத்து வேலை வாங்குவாய். ராஜஸ்தானில் உனக்குக் கீழே எழுதப் படிக்கத் தெரியாத ஆட்கள் இருப்பார்கள். அவன் கையில் ஒரு சாமானைக் கொடுத்தால் இதைச் செய் என்று மட்டும் சொல்லாதே, ஏன் என்றும் சொல். நர்சு அந்தத் தண்ணீர் எதற்கு என்று ஒரு வரி சொல்லியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். ஏன் என்று தெரியாதவன் சும்மா இருக்க மாட்டான், தனக்குத் தெரிந்ததை வைத்து நல்லது செய்யப் பார்ப்பான். உன் அம்மா செய்த மாதிரி. அவன் கேட்க வந்தால் சிரிக்காதே. சிரிப்பார்கள் என்று பயந்துதான் உன் நைனாவை நான் தடுத்தேன். யாரும் சிரித்திருக்க மாட்டார்கள் என்று இப்போது தோன்றுகிறது. அந்த நர்சு நல்ல பெண்.

இப்போது நடக்க வேண்டியது. எடுத்த இடத்தில் சீழ் பிடித்து ஆற இவ்வளவு நாள் ஆகிவிட்டது, இல்லையென்றால் முன்னாலேயே செய்திருப்பார்கள். போன வாரம் டாக்டர் தடவிப் பார்த்தார். பக்கத்திலேயே இன்னொரு நெறிக்கட்டி கைக்குத் தட்டுப்படுகிறது. வருகிற திங்கட்கிழமை காலையில் அதை எடுக்கப்போகிறார். “இதுக்கு மேல தள்ளிப் போட முடியாதும்மா” என்றார். முன்பு இருந்ததைவிடக் கொஞ்சம் கெட்டியாக இருக்கிறது என்று நர்சிடம் இங்கிலீஷில் சொன்னார். எனக்குப் புரியாது என்று நினைத்தார். ஒரு மனுசன் விரலை வைத்துவிட்டு இன்னொருவர் முகத்தைப் பார்ப்பதைப் புரிந்துகொள்ள இங்கிலீஷ் எதற்கு. மீனின் வயிற்றை அழுத்திப் பார்த்து வாங்குகிறவளுக்கு அது தெரியாதா.

பயமாக இருக்கிறதா என்று நீ கேட்க மாட்டாய், நானே சொல்கிறேன். இருக்கிறது. வெட்டுக்கு இல்லை. கால் வீங்கிப்போய் வீட்டில் உட்கார்ந்து, அடுத்தவள் கொண்டுவருகிற மீனை விலை கேட்டு வாங்குகிறவளாக ஆகிவிடுவேனோ என்று. அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது, அதை எழுதவில்லை. நீ பெரியவன், உனக்கே தெரியும்.

திங்கட்கிழமை நீ வர வேண்டும். மேஸ்திரி லீவு தர மாட்டான் என்றால் அவனிடம் என் பெயரைச் சொல். வரவில்லையென்றால் நான் வந்து அவன் முன்னால் காலைத் தூக்கிக் காட்டுவேன் என்று சொல், தந்துவிடுவான். இந்தத் தடவை பாட்டிலை நீயும் உன் நைனாவும் சேர்ந்து எடுத்துப்போக வேண்டும். பாட்டில் அவர் கையில் இருக்கட்டும். நீ பிடுங்காதே. மூடியை எத்தனை சுற்று சுற்ற வேண்டும், தண்ணீர் எது வரைக்கும் நிற்க வேண்டும் என்று போன வாரம் நர்சிடம் நின்று கேட்டுக்கொண்டார், நான் கண்ணால் பார்த்தேன். இரண்டு தடவை கேட்டார். பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்காருங்கள். பேச வேண்டும் என்று நான் சொல்லவில்லை. செங்கல்பட்டிலிருந்து மெட்ராஸ் வரைக்கும் வாயை மூடிக்கொண்டு போனாலும் சரி. அவருக்கு அது பழக்கம், உனக்குத்தான் கஷ்டம்.

நான் சொன்னது தெரிந்ததும் அவரிடம் போய் மன்னித்துக்கொள் என்று ஆரம்பிக்காதே. அவருக்குக் கூச்சமாகிவிடும், எழுந்து கடற்கரைக்குப் போய்விடுவார். நைனா என்று கூப்பிடு, போதும். என்மேல் கோபம் வந்தால் என்னிடம் காட்டு. வராந்தாவில் வேண்டாம், என் எதிரில் உட்கார்ந்து காட்டு. அவருக்குக் காட்டினதில் பாதியாவது எனக்குக் காட்டவில்லையென்றால் நான் விட மாட்டேன். அதற்கப்புறம் ராஜஸ்தான் போவதானால் போ.

பத்து நாளில் மெட்ராசிலிருந்து கவர் வரும். இங்கிலீஷில் இருக்கும். எனக்குத் தெரியாது, உன் நைனாவுக்கு எந்த எழுத்தும் தெரியாது. நீதான் பிரிக்க வேண்டும். படித்துவிட்டு அதில் இருப்பதைச் சொல். நோய் அங்கே வந்திருந்தால் வந்திருக்கிறது என்று சொல், வரவில்லையென்றால் வரவில்லை என்று சொல். எனக்குச் சொல்ல ஓடிவராதே, நான் படுத்துத்தான் இருப்பேன், எங்கேயும் போக மாட்டேன். முதலில் அவரிடம் சொல்.